ஆனைமுடி என்று நீ சொன்னதை நான் பார்த்தேன்

பாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம் விசாரித்து ஆரம்பித்தால் அடுத்த வரியிலேயே எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. இத்தனை வருஷமாக நம் இரண்டு பேருக்கும் நடுவே போய்வந்த தபாலெல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உன் அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து நீ பம்பாய்க்குக் கிளம்பிய அன்று காலையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாயாம். நான் பதில் சொல்லவில்லையாம். நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாயாம். பக்கத்திலேயே இருந்த மனுஷன், என்னமோ யாரோ சொல்லித் தெரிந்துகொண்டவன் மாதிரி எழுதுகிறானே என்று உனக்கு எரிச்சலாக வரும். வரட்டும். யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சொன்னவர் அடுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் உனக்குப் பாடம் எடுத்து, பொது அறிவுப் போட்டிக்கு உன்னைத் தயார் செய்து மேடையேற்றியவர். அவரை உனக்கு மறந்திருக்காது. மாதக் கடைசியில் எனக்கு ரிட்டயர்மெண்ட். இந்த ஊரில் ரிட்டயர் ஆனால் வேலை மட்டும் போவதில்லை, கூடவே வீடும் போகும். கம்பெனி குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த டீச்சர், எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டார். கோவில்பட்டியில் என் தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது, அங்கே போய்க் கிடக்க வேண்டியதுதான், பெற்ற பிள்ளை கூப்பிடவில்லையே என்று நானும் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லிவிட்டேன். டீச்சர் எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கூப்பிடலயா? நான்தான் இட்லி எடுத்துகினு வாசப்படியில நின்னுகினு இருந்தேனே. 'ரிட்டயர் ஆனதும் எங்கூட வந்துடுறீங்களாப்பா'ன்னு புள்ள கேட்டுதுங்க. நீங்க ஜன்னல் பக்கமே பாத்துகினு இருந்தீங்க. அது மூஞ்சி எப்படிப் போச்சி தெரியுமா?"

எனக்குத் தெரியாது பாலு. நீ அப்போது தரையில் குனிந்து, படுக்கையைச் சுருட்டிய ஹோல்டாலுக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். உன் முதுகு என் பக்கம் இருந்திருக்கிறது. எனக்குக் காது கேட்காது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இரண்டு நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உடனே கடலூர் டாக்டர், பாண்டிச்சேரி டாக்டர் என்று ஆரம்பித்துவிடாதே. இது நேற்று வந்த வியாதி இல்லை. நீ சின்ன வகுப்பில் இருக்கும்போதே வலது காது போய்விட்டது. நீ ஒன்பதாவது வந்தபோது இடது காதும் பெயருக்குத்தான் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் நான் ஓட்டிய, மண் வெட்டும் அந்தப் பெரிய சக்கர மெஷினை நீ பார்த்திருக்கிறாய்; பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிவந்து மேட்டில் நிறுத்திக் காட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் அழகுதான். மேலே ஏறி உட்கார்ந்து ஷிப்ட் முழுக்க ஓட்டுகிறவனுக்கு அந்தச் சத்தம் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஒருவன் பேசி ஒருவன் காதால் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. மண் போகும் பெல்ட் நின்றுவிட்டது, டீ வந்துவிட்டது, சூப்பர்வைசர் வருகிறார், எல்லாம் உதட்டிலேயே தெரிந்துவிடும். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நிற்கும் இரண்டு பேர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடும் ஆட்கள் எங்கள் செக்‌ஷனில் இருந்தார்கள். அதில் நான் எல்லோருக்கும் மேலே. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு பெருமை அதிகம் இல்லை.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். காது போனது தெரிந்தால் மெடிக்கல் அன்ஃபிட் என்று எழுதி மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம்தான். இறக்கினால் ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எண்ண வேண்டும். நான் அந்த மெஷினை ஓட்டப் பிறந்தவன் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு. காதுப் பரிசோதனைக்குப் போனால் கம்பவுண்டர் நம் பின்னால் நின்று மெதுவாக ஏதாவது சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு எதிரே மருந்து வைக்கும் கண்ணாடி பீரோ. அதில் அவர் வாய் நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் பாஸ். ஒருமுறை பீரோவை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்து, அடுத்த வாரம் அதே பீரோ இருக்கும் அறையாகப் பார்த்துப் போய் நின்றேன். சிரிக்காதே. சரி, சிரித்தாலும் பரவாயில்லை.

இதில் உனக்கு ஒரு பெரிய கூத்து இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவன் இருக்கும் வீட்டில் வாசல் கேட்டில் ஒரு துண்டைத் தொங்கவிடுவது நம் பிளாக்கில் வழக்கம். துண்டைப் பார்த்தால் பழைய பேப்பர்காரன் சத்தம் போட மாட்டான். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பலாச்சுளை கொண்டுவரும் அம்மாள்கூட நம் கேட்டைத் தாண்டும் வரை வாயைத் திறக்க மாட்டாள், தாண்டிய பிறகு சேர்த்து வைத்துக் கத்துவாள். வீட்டுக்குள் அதைவிடக் கட்டுப்பாடு. நடுப்பகலில் ஜன்னலுக்குப் போர்வை போட்டு இருட்டாக்கி, ரேடியோவை அணைத்து, பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைத்து, நீயும் உன் அம்மாவும் மூச்சுக் காற்றிலேயே பேசிக்கொள்வீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கரண்டி விழுந்தாலும் எழுந்துவிடுவேன், ஆகவே உன் அம்மா போட்ட சட்டம் அது. பிற்பாடு காது போயிற்று, சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் மேளம் அடித்திருந்தாலும் நான் தூங்கியிருப்பேன். ஆனால் அதை எப்படிச் சொல்வேன்? நீ சின்னப் பையன். நீ எதிர் வீட்டுப் பையனிடம் சொல்வாய், அவன் அவனுடைய அப்பாவிடம் சொல்வான், அந்த அப்பா எனக்கு மேலே இருக்கிறவர். இந்த ஊரில் ஒரு விஷயம் ஒரு பிளாக்கைத் தாண்ட ஒரு சாயங்காலம் போதும்.

உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது கை தவறி அது என் கட்டில் காலடியிலேயே விழுந்து உருண்டிருக்கிறது. நான் அசையவில்லை. பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள், உயிர் இருக்கிறதா என்று. விரல் பட்டுத்தான் நான் விழித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னிடம் எது பேசினாலும் எனக்கு எதிரே வந்து நின்று பேச ஆரம்பித்தாள். நீ என்னிடம் ஏதாவது கேட்டு நான் திரும்பாவிட்டால், "உங்களத்தான், பாலு சினிமாவுக்குக் காசு கேக்கான்" என்று என் முகத்துக்கு நேரே வந்து சொல்லிவிட்டுப் போவாள். நீ அதை அப்பாவின் கெத்து என்று நினைத்திருப்பாய். மகன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத அப்பா.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடங்களுக்கிடையே பொது அறிவுப் போட்டி வந்தது. ஸ்டெல்லா டீச்சர் உன்னையும் இன்னும் இரண்டு பையன்களையும் பொறுக்கி எடுத்தார். உன் அம்மா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள், அதற்கு மேல் படிக்கக் கொடுத்துவைக்காதவள். போட்டி உனக்கு வந்ததா அவளுக்கு வந்ததா என்று தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டாள். டீச்சர் வீட்டுப் பேப்பரை மத்தியானத்தில் இரவல் வாங்கிக் கேள்விகளைத் தயார் செய்வாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்பாள், எல்லாம் கிசுகிசுப்பாகத்தான், நான் தூங்குகிறேனே. முன்பெல்லாம் அடுக்களைக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவள், குடம் விழுந்த பிறகு வெயில் விழும் அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாள், என் கட்டிலைப் பார்த்தபடி. நீ அவளைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படுத்திருப்பேன். அந்த வீட்டில் பாடம் படித்தது நீ ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டு பேர் படித்தோம்.

ஆனால் எனக்குக் கிடைத்தது பாதிதான். உன் அம்மா கேட்ட கேள்வியெல்லாம் எனக்குத் தெரியும். நீ சொன்ன பதில் ஒன்றுகூடத் தெரியாது. நீ சரியாகச் சொன்னால் அவள் புருவம் மேலே போகும். தப்பாகச் சொன்னால் அவளே பதிலைச் சொல்வாள், அது எனக்குத் தெரியும். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் எது என்ற கேள்விக்கு நீ ஒவ்வொரு தடவையும் தொட்டபெட்டா என்றுதான் சொல்லியிருப்பாய் போலிருக்கிறது, ஏனென்றால் அவள் தலையில் அடித்துக்கொண்டு ஆனைமுடி, ஆனைமுடி என்று சொன்னதை நான் அந்த மாதத்தில் எத்தனையோ தடவை பார்த்தேன். ஒருநாள் அவள் கேட்டாள், நீ ஏதோ சொன்னாய், அவள் புருவம் மேலே போயிற்று, உன் தலையில் கை வைத்து ஆட்டினாள். அன்றைக்கு எனக்கு அதற்கு மேல் தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து என்னடா சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டிருக்கலாம். படுத்துக்கொண்டிருந்தேன்.

போட்டி அன்று சாயங்காலம் நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தேன். ஹால் நிறையக் கூட்டம். முன்வரிசையில் எங்கள் செக்‌ஷன் அதிகாரிகள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்; நானும் உன் அம்மாவும் கடைசி வரிசையில் சுவரோரம். கேள்வி கேட்டவர் ஆபீஸிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர். மைக் அவரிடம் மட்டும்தான் இருந்தது. பையன்கள் சொந்தக் குரலில்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் டீமில் மற்ற இரண்டு பையன்களும் அலறினார்கள். உன் முறை வரும்போதெல்லாம் அந்த இன்ஜினியர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் குனிந்தார். உனக்குக் குரல் எழும்பவில்லை பாலு. எப்படி எழும்பும்? மூச்சுக் காற்றில் படித்த பாடத்தை நீ மூச்சுக் காற்றில்தான் சொன்னாய். மற்றவர்களுக்கு அது கஷ்டமாக இருந்திருக்கும். எனக்கு அன்றைக்கு மாதிரி சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உன் வாயிலிருந்து வந்த பதில்களை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த மேடையில்தான்.

கடைசிக் கேள்வி வரும்போது இரண்டு பள்ளிக்கூடமும் சமம். கேள்வி உனக்கு. தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் எது? உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ எழுந்து நின்றாய். தொட்டபெட்டா என்றால் முதலில் உதடு குவிய வேண்டும். உனக்குக் குவியவில்லை. வாய் அகலத் திறந்தது, பிறகு உதடு இரண்டும் சேர்ந்து குவிந்து பிரிந்தது. ஆனைமுடி. நான் பார்த்தேன். மேடையில் பக்கத்திலிருந்த உன் டீம் பையன்களுக்கே கேட்கவில்லை, ஒருத்தன் உன்னை முழங்கையால் இடித்தான். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடிந்தது, கேள்வி அடுத்த டீமுக்குப் போகிறது என்று அவர் உதடு சொன்னது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"அவன் ஆனைமுடின்னு சொல்லிட்டான் சார். நான் பார்த்தேன்."

காது கேட்காதவனுக்குத் தன் குரல் எவ்வளவு போகிறது என்று தெரியாது. ஹால் முழுக்கத் திரும்பியது. முதலில் சிரித்தார்கள். இன்ஜினியர் மைக்கில், பக்கத்தில் நிற்கிற தனக்கே கேட்காதது கடைசி வரிசையில் எப்படிக் கேட்டது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு வரிப் பதில். முன்வரிசையில் என் மெஷினுக்குப் பொறுப்பான அதிகாரி திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பார்வையாளர்கள் பதிலைச் சொல்லிவிட்டதால் கேள்வி ரத்து என்றார்கள். வேறு ஒரு கேள்வியை அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள், அவர்கள் கத்திச் சொல்லி ஜெயித்தார்கள். நீ மேடையில் என்னைப் பார்க்கவே இல்லை. மார்க் எழுதிக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா டீச்சர்தான் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று இப்போதுதான் சொன்னார். அதனால்தான் இத்தனை வருஷமும் அவர் என் எதிரே வந்து நின்றே பேசியிருக்கிறார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். நீ எங்களுக்கு முன்னால் வேகமாகப் போனாய். பூங்கா முனையில் திரும்பும்போது, தலையைத் திருப்பாமலேயே நீ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் உன் அம்மா நடுரோட்டில் நின்றுவிட்டாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். சாகும் வரை அவள் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. காது கேட்காததில் இருக்கும் ஒன்றிரண்டு சௌகரியங்களில் அதுவும் ஒன்று.

அதன்பிறகு நீ என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாய். புத்தகத்தைப் பார்த்துப் பேசினாய், சோற்றுத் தட்டைப் பார்த்துப் பேசினாய், செருப்பு மாட்டிக்கொண்டே பேசினாய். கோபம் என்று நினைத்தேன், கொஞ்ச நாளில் போய்விடும் என்று நினைத்தேன். பிறகு காலேஜ், பிறகு வேலை, பிறகு அந்த மீசை. முதல் தடவை நீ மீசையோடு லீவில் வந்து இறங்கியபோது உன் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு, ராஜா மாதிரி இருக்கிறான் என்றாள். நான் பார்த்தது உன் வாயைத்தான். மேலுதடு சுத்தமாக மூடிப்போய்விட்டது. அப்புறம் நீ எதிரே நின்று பேசினாலும் எனக்குப் பாதிதான் கிடைத்தது. மீதியை உன் அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது அவள் இல்லை. இந்த வீட்டில் இனி யாரும் மெதுவாகப் பேச வேண்டியதில்லை, பேசத்தான் ஆள் இல்லை. மத்தியானத்தில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே வெயில் விழுந்து நகரும், அவ்வளவுதான். சங்கு ஊதுவது எனக்குத் தெரியாது, பஸ்கள் போவதைப் பார்த்து ஷிப்ட் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன். வாசலில் யாராவது வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்களோ என்று அடிக்கடி எழுந்துபோய்ப் பார்க்கிறேன். பலாச்சுளை அம்மாள் ஒருநாள் கேட்டில் நின்று, "வூட்ல ஆளு இருந்துகினே பேச்சு மூச்சு இல்லியேங்க" என்றாள். நான் பலாச்சுளை வாங்கினேன், தேவையில்லாமல் நிறையவே வாங்கினேன், அவள் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று. தனியாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது பாலு. காது போனபோதுகூட இப்படி இல்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் அப்பா என்றால் ஒன்றாவது சொல்ல வேண்டும். நாளைக்கு உனக்கும் மனைவி வருவாள், பிள்ளைகள் வருவார்கள். முக்கியமானதைக் கேட்கும்போது குனிந்து ஹோல்டால் கட்டிக்கொண்டு கேட்காதே. எதிரே போய் நின்று கேள். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை கேள். ஒரே தடவை கேட்டுவிட்டு அடுத்த டீமுக்குப் போவதெல்லாம் போட்டியோடு சரி. நானும் இதைச் செய்ததில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டே உன்னை வளர்த்துவிட்டேன்.

இனி உன் கேள்விக்கு என் பதில். நேரம் முடிந்துவிட்டது என்று நீ சொல்லாமல் இருந்தால் எடுத்துக்கொள். வருகிறேன். சாவியைக் கொடுத்த மறுநாளே கிளம்புகிறேன். உன் அம்மாவின் பெட்டி ஒன்று, என் பெட்டி ஒன்று, அவ்வளவுதான் சாமான். தம்பிக்கு எழுதி அந்த மாடி அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீ பதில் போடுவதற்கு முன்னாலேயே. பம்பாயில் எனக்கு ஒரு பாஷையும் தெரியாதே என்று நீ கவலைப்பட வேண்டாம், காது கேட்காதவனுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

இரண்டு விஷயம் மட்டும் செய். மீசையை எடுக்க வேண்டாம், உன் அம்மாவுக்குப் பிடித்தது. மேலுதடு தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் வெட்டிக்கொள். ஸ்டேஷனில் கூட்டமாக இருக்கும், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன், பின்னாலிருந்து எத்தனை தடவை அப்பா என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். முன்னால் வந்து நின்று கூப்பிடு.

அப்பா